நாலிலிருந்து ஐந்தரை வரை



இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள், பதின்பருவத்தின் சின்னச் சின்ன மகிழ்ச்சிகளும் சின்னச் சின்ன எரிச்சல்களும். பதின்பருவம் என்று மேடையில் பேச்செடுத்தாலே பெரிய பெரிய சொற்கள் வந்து வரிசையில் நின்றுவிடுகின்றன. எதிர்காலம் வருகிறது, ஒழுக்கம் வருகிறது, போதை வருகிறது, பொதுத்தேர்வு வருகிறது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போயிற்று என்று யார் பேசுகிறார்கள்? எதற்கு அப்படி விழுந்து விழுந்து சிரித்தான்? எதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்? எதற்குச் சாப்பிடாமல் எழுந்து போனாள்? கேட்பார் இல்லை. கேட்டாலும், "சின்ன விஷயம்தானே, விடு" என்று முடித்துவிடுகிறார்கள். அந்தச் சின்ன விஷயங்களைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப்போகிறோம்.

மகிழ்ச்சியிலிருந்தே தொடங்குவோம்.

ஆசிரியர் விடுப்பு. பதிலுக்கு வந்தவர் ஏடு திருத்திக்கொண்டிருக்கிறார். "சத்தம் வரக் கூடாது" என்பது ஒன்றுதான் கட்டளை. அடுத்த நிமிடமே கடைசி இரண்டு பெஞ்சுகளில் கிரிக்கெட் தொடங்கிவிடுகிறது. மட்டை இல்லை, பந்து இல்லை, மைதானம் இல்லை. பாடப்புத்தகம் மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன். இரண்டு வந்தால் இரண்டு, நான்கு வந்தால் பவுண்டரி, ஆறு வந்தால் சிக்ஸர், பூஜ்யம் வந்தால் அவுட். எட்டுக்கு மட்டும் ஊருக்கு ஊர் சட்டம் வேறு. சில பள்ளிகளில் அது ஒரு ரன், சில பள்ளிகளில் நோ பால்.

இந்த விளையாட்டை யார் கண்டுபிடித்தார்கள்? தெரியாது. எந்தக் கடையில் கிடைக்கும்? எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் இதற்குள் எவ்வளவு நேர்த்தியான கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். அச்சடித்த புத்தகத்தில் இடப்பக்கம் எப்போதும் இரட்டைப்படை எண்தான். ஆகவே கடைசி இலக்கமாக வரக்கூடியவை ஐந்தே ஐந்து: 0, 2, 4, 6, 8. ஐந்தில் ஒன்று அவுட் என்றால், சராசரியாக ஐந்து பந்துக்கு ஒரு விக்கெட் விழும். எட்டை ஒரு ரன்னாக வைத்தால், மிச்சமிருக்கும் நான்கு பந்தில் இரண்டு, நான்கு, ஆறு, ஒன்று; கூட்டினால் 13. ஒரு விக்கெட்டுக்கு 13 ரன், பத்து விக்கெட்டுக்கு 130. நாள் முழுக்க ஆடினால் அணிகளின் சராசரி அந்த 130-ஐ ஒட்டியே வந்து நிற்கும். நிகழ்தகவு என்ற பாடத்தைப் பன்னிரண்டாம் வகுப்பில் திணறித் திணறிப் படிக்கிறார்களே, அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் ஏழாம் வகுப்பிலேயே ஆடத் தொடங்கிவிட்டார்கள்!

ஆட்டத்தில் கள்ளம் இல்லாமல் இருக்குமா? அடிக்கடி புரட்டிய புத்தகம் அதே பக்கத்தில்தான் திறக்கும். அந்தப் பக்கம் 146 என்று தெரிந்தவன் அந்தப் புத்தகத்தைத்தான் கேட்டு வாங்குவான். எதிரணிக்காரன் அதைக் கண்டுபிடித்துவிடுவான். பிறகு புத்தகத்தை மாற்ற வேண்டும் என்று வழக்கு. வழக்கைத் தீர்க்க மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு நடுவர். சட்டம் இயற்றுவது, மீறுவது, கண்டுபிடிப்பது, சமரசம் செய்வது எல்லாம் ஒரே பீரியடில் நடந்து முடிகிறது.

கையை நீட்டி விரல் காட்டும் ஹேண்ட் கிரிக்கெட், பெஞ்சின் மேல் பேனாவைச் சுண்டி அடுத்தவன் பேனாவைக் கீழே தள்ளும் பேனா சண்டை, சீட்டுக் குலுக்கிப் போடும் ராஜா ராணி திருடன் போலீஸ். இவற்றையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். ஒன்றுக்கும் காசு வேண்டாம். ஒன்றிலும் பெரிய சத்தம் இல்லை. எல்லாவற்றையும், ஆசிரியர் நிமிர்ந்து பார்க்கும் அந்த ஒரு கணத்துக்குள் மறைத்துவிடலாம். ஏன் இப்படி அமைந்தன? விளையாடுவதற்கென்று இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் நேரம் தரவில்லை. வேறொருவர் நேரத்துக்குள், வேறொருவர் இடத்துக்குள், கண்ணில் படாமல் ஆட வேண்டியிருந்தது. அதற்கேற்றபடி தங்கள் விளையாட்டைத் தாங்களே செய்துகொண்டார்கள்.

அவர்களுக்கென்று கொடுத்த நேரம் ஒன்று இருக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. பி.டி. பீரியட். வாரத்தில் இரண்டு முறை கால அட்டவணையில் வரும். காலையிலிருந்தே பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பார்கள். மணி அடிக்கும். வாசலில் கணக்கு ஆசிரியர் வந்து நிற்பார். "போர்ஷன் முடியல, எல்லாரும் உட்காருங்க." வகுப்பு முழுவதும் ஒரே குரலில் எழும் அந்த "அய்யோ சார்" என்ற ஓசையைக் கேட்காத தமிழ்நாட்டுப் பள்ளி உண்டா? இது சின்ன விஷயம்தானே? சின்ன விஷயமாக இருந்தால் சட்டமன்றம் வரை ஏன் போகிறது? 2023-இல், அன்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்க வேண்டாம் என்று பேரவையிலேயே கேட்டுக்கொண்டார். அன்றைக்குப் பெரியவர்கள் புன்னகைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு அது தங்கள் வழக்கு பெரிய மன்றத்தில் ஏறிய நாள். கணக்கு ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது. பாடம் முடியாவிட்டால் கேள்வி அவரைத்தான் கேட்பார்கள். ஆனால் கடன் வாங்குகிறவர் கொடுக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அந்த நேரம் பிள்ளைகளுடையது. அவர்களைக் கேட்காமலே அது கைமாறுகிறது. எரிச்சலின் வேர் அங்கே இருக்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம். விடியற்காலை நாலரை மணி. அலாரம் அடித்து ஓய்ந்துவிட்டது. அம்மா வந்து போர்வையை இழுக்கிறார். "விடியக்காலைல படிச்சாதான்டா மண்டைல நிக்கும்." எழுந்திருக்கவில்லை. மின்விசிறியை நிறுத்துகிறார். அப்போதும் எழுந்திருக்கவில்லை. முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார். எழுந்து உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்குகிறான் பிள்ளை. சோம்பேறி என்று பெயர் வாங்கிக்கொள்கிறான்.

சோம்பல்தானா அது? பதின்பருவத்தில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்துக்குத் துணைசெய்யும் மெலடோனின் என்ற சுரப்பு, சிறு குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் சுரக்கும் நேரத்தைவிடத் தாமதமாகவே இந்த வயதில் சுரக்கத் தொடங்குகிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் என்ற அறிஞர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து காட்டிய செய்தி இது. இந்த வயதுக்கு எட்டு மணி முதல் பத்து மணி நேரம் வரை தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2014-இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கலிபோர்னியா மாநிலம் அதைச் சட்டமாகவே ஆக்கி, 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்றது. இங்கே எட்டரை மணிக்குள் பிள்ளை டியூஷன் ஒன்றை முடித்துவிட்டு, ஸ்பெஷல் கிளாஸில் உட்கார்ந்திருக்கிறான். பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம். குறைந்தபட்சம் வேண்டிய எட்டில் இரண்டரை மணி நேரம் ஒவ்வொரு நாளும் பற்றாக்குறை.

ஆனால் அம்மா சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும். ஓர் அறையும் கூடமும் மட்டுமே உள்ள வீட்டில், டி.வி. ஓடாத, குக்கர் விசில் அடிக்காத, தம்பி குதிக்காத, விருந்தாளி வராத நேரம் நாள் முழுவதும் தேடினாலும் அந்த விடியற்காலைதான். அம்மா பிள்ளையை எழுப்புவது அந்த அமைதியைக் கொடுக்கத்தான். வீட்டில் அமைதிக்கு வேறு நேரம் இல்லை என்பதால், தூக்கத்தை வெட்டி அமைதியை வாங்க வேண்டியிருக்கிறது.

பதின்பருவத்தின் எரிச்சல்களை இப்படி ஒவ்வொன்றாகத் தோண்டிப் பாருங்கள். அடியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: எனக்கென்று ஓர் இடம் எங்கே? எனக்கென்று ஒரு நேரம் எங்கே?

இந்தக் கேள்வியை ஒரு சிறுமி கேட்ட கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஊர் ஆம்ஸ்டர்டாம். ஆண்டு 1943. பெயர் ஆன் ஃபிராங்க்.

அவள் பெயரைக் கேட்டதும் நாஜிக் கொடுமை நினைவுக்கு வரும். வர வேண்டியதுதான். ஆனால் அவள் நாட்குறிப்பைத் திறந்தால் முதலில் சந்திப்பது வாயாடியான ஒரு பள்ளிச் சிறுமியை. வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று வயதான கணக்கு ஆசிரியர் தண்டனை கொடுக்கிறார்: வாயாடியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வா. அவள் என்ன எழுதினாள் தெரியுமா? பேச்சு எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது, பரம்பரையாக வந்ததை என்ன செய்ய முடியும் என்று வாதாடினாள்! ஆசிரியர் சிரித்துவிட்டார். அடுத்த வகுப்பிலும் அவள் பேசினாள். இரண்டாவது கட்டுரை. மறுபடி பேசினாள். மூன்றாவது முறை தலைப்பையே கேலியாகக் கொடுத்தார் ஆசிரியர். அவளோ தோழியின் துணையோடு அதைப் பாட்டாகவே எழுதிக்கொண்டு வந்தாள். ஆசிரியர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அவள் பேச்சுக்குத் தண்டனை இல்லை. இந்தக் கதை நம் ஊர்ப் பள்ளியில் நடந்தது என்று சொன்னாலும் நம்பிவிடலாம்.

1942 ஜூன் 12, அவளுக்குப் பதிமூன்றாவது பிறந்தநாள். நாட்குறிப்பு பரிசாகக் கிடைத்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 6-ஆம் தேதி, நாஜிகளுக்கு அஞ்சி, குடும்பத்தோடு தலைமறைவாகப் போக வேண்டியதாயிற்று. தந்தையின் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதியில், ஒரு புத்தக அலமாரிக்குப் பின்னால் மறைந்த அறைகள். எட்டுப் பேர். பகலில் தண்ணீர் திறக்கக்கூட அஞ்ச வேண்டும். அங்கே போனதும் அவள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, தான் சேர்த்து வைத்திருந்த சினிமா நட்சத்திரங்களின் படங்களையும் அஞ்சலட்டைகளையும் தன் அறைச் சுவரில் ஒட்டியது. அருங்காட்சியகமாகிவிட்ட அந்தக் கட்டடத்தில் அந்தச் சுவர் இன்றும் இருக்கிறது. இன்னொரு சுவரில் பென்சில் கோடுகள். இரண்டு மகள்களின் உயரத்தையும் பெற்றோர் அவ்வப்போது குறித்து வைத்த கோடுகள். ஒளிந்திருந்த காலத்தில் ஆன் 13 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்தாள். கொண்டுவந்த உடைகள் குட்டையாகிவிட்டன, காலணி பற்றவில்லை. கடைக்குப் போக வழியில்லை. வெளியே உலகப்போர் நடக்கிறது. உள்ளே ஒரு பெண் தன் செருப்பு கடிக்கிறது என்று எழுதுகிறாள். இரண்டுமே உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

1942 நவம்பரில் எட்டாவது ஆளாக ஒரு பல் மருத்துவர் வந்து சேர்ந்தார். பதிமூன்று வயதுப் பெண்ணும் ஐம்பதைத் தாண்டிய மனிதரும் ஒரே அறையில். அறையில் ஒரு சின்ன மேசை. அவரும் படிக்க வேண்டும், அவளும் எழுத வேண்டும். அடுத்த ஆண்டு ஜூலையில் ஆன் துணிந்து கேட்டாள்: வாரத்தில் இரண்டே இரண்டு பிற்பகல், நாலிலிருந்து ஐந்தரை வரை, மேசை எனக்கு வேண்டும். எவ்வளவு மரியாதையாகக் கேட்டும் அவர் முடியாது என்றார். உன் எழுத்து என்ன பெரிய வேலையா என்ற தொனியில் பேசினார். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவரிடம் கத்தவில்லை. அப்பாவிடம் போனாள். எப்படிப் பேசுவது என்று இருவரும் கலந்து பேசினார்கள். அப்பா போய் அந்த மருத்துவரிடம் பேசினார். கடைசியில் வாரத்துக்கு இரண்டு பிற்பகல் அவளுக்குக் கிடைத்தன.

இந்த இடத்தில் அந்த அப்பாவைக் கவனிக்க வேண்டும். ஓட்டோ ஃபிராங்க் தலையில் எத்தனை கவலை! எட்டுப் பேர் உயிர், சாப்பாடு, காட்டிக்கொடுக்கப்படும் அச்சம். அந்த மனிதருக்கு, "மேசைக்கா இந்தச் சண்டை? சின்ன விஷயம்தானே" என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. மகளின் வழக்கை வழக்காக எடுத்துக்கொண்டு பேசி முடித்தார். 1944 ஆகஸ்ட் 4-ஆம் தேதி அவர்கள் எல்லோரும் பிடிபட்டார்கள். எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் அவர் ஒருவர்தான். மகள் எழுதிய தாள்களை, அவர்களுக்கு உதவி வந்த மீப் கீஸ் என்ற பெண்மணி எடுத்துப் பாதுகாத்து அவரிடம் ஒப்படைத்தார். 1947-இல் அது புத்தகமாக வந்தது. அந்தப் பக்கங்களில் சில, போராடிப் பெற்ற அந்த மேசை நேரத்தில் எழுதியவையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து நம் ஊருக்குத் திரும்பலாம். நம் வீட்டுப் பெண் பிள்ளைக்கு மேசை மட்டுமா இல்லை? எட்டாம் வகுப்பு வரை தெருவில் ஷட்டில் ஆடியவள், வயதுக்கு வந்த மறுநாளிலிருந்து தெருவில் இறங்க முடிவதில்லை. மட்டை பரணில் ஏறிவிடுகிறது. அண்ணனுக்குத் தெரு இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, மைதானம் இருக்கிறது. அவளுக்கு மொட்டை மாடி. அதுவும் துணி எடுக்கப் போகும் சாக்கில்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு சைக்கிள் கிடைத்தால் என்ன ஆகும்? அதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்திருக்கிறது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று, பெண்கள் சைக்கிள் ஓட்டுவதை அந்த இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். கேலி ஓய்ந்தது, சைக்கிள் ஓயவில்லை. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அந்தத் திட்டத்தை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை 32 சதவீதம் கூடியிருந்தது. சேர்க்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது.

நம் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கொடுப்பவை எல்லாம் ஒரே மாதிரி. ஸ்டாண்டில் தன் வண்டி எது என்று தெரியாது. அதனால் முதல் வாரத்திலேயே ஹேண்டிலில் ரிப்பன் ஏறும், மட்கார்டில் ஸ்டிக்கர் ஏறும், பெயரின் முதலெழுத்து ஏறும். செயின் கழன்றால் கை முழுக்க கிரீஸ், யூனிஃபார்ம் முழுக்க கறை, வீட்டில் திட்டு. ஆனாலும் பள்ளி விட்டு வீடு போகும் அந்த அரை மணி நேரம் அவளுடையது. தோழியோடு இணையாக மிதித்துக்கொண்டு, எதையோ சொல்லி, எதற்கோ சிரித்துக்கொண்டு போகிறார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று வழியில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

கைபேசியைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. அப்பாவின் ஒரே போனில்தான் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆன்லைன் வகுப்பு. அப்பா வேலைக்குப் போனால் வகுப்பும் அவரோடு போய்விடும். மாலையில் வந்தால் சார்ஜ் இருக்காது. சார்ஜ் ஏறினால் அன்றைய ஒன்றரை ஜிபி தீர்ந்திருக்கும். அந்த ஆண்டு ஜூன் 29-இல் டிக்டாக் தடையானது, செப்டம்பர் 2-இல் பப்ஜி தடையானது. அரசுக்கு அதற்கான காரணங்கள் இருந்தன. பெரியவர்களுக்கு அது ஒரு நாள் செய்தி. தெருவும் பள்ளியும் மூடிக் கிடந்த காலத்தில் நண்பர்கள் சந்தித்துக்கொண்ட ஒரே இடம் அது என்பதை எத்தனை வீடுகளில் நினைத்துப் பார்த்தார்கள்? போன் பிள்ளைகளை விழுங்குகிறது என்ற பெற்றோரின் அச்சம் நியாயமானது. இரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் ஒளிரும் திரை, ஏற்கெனவே குறைந்துபோன தூக்கத்தை மேலும் தின்கிறது. கட்டுப்பாடு வேண்டும். ஆனால் பிள்ளை குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்து மெசேஜ் படிப்பது கட்டுப்பாடு ஆகாது. எத்தனை மணிக்குப் போனை வைக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்பதைப் பிள்ளையை உட்கார வைத்துப் பேசி முடிவெடுங்கள். மேசைக்காக ஓட்டோ ஃபிராங்க் பேசினாரே, அந்தப் பொறுமையோடு பேசுங்கள்.

எல்லா வீட்டிலும் மேசை போட இடம் இருக்காது. அது பெற்றோரின் குற்றம் இல்லை. அப்படியானால் ஊர் அந்த மேசையைக் கொடுக்க வேண்டும். பொது நூலகங்களுக்கென்று 1948-லேயே சட்டம் இயற்றிய மாநிலம் இது. 2010-இல் சென்னை கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிப்பதற்கென்றே தனிப் பிரிவு வைத்தார்கள். 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் உட்கார இடம் தேடி வரும் இளைஞர் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒரு மேசைக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பது புரியும்.

ஆகவே இந்த ஊர் வாசகர் வட்டத்தாரிடம் வைக்கும் வேண்டுகோள் இது. கிளை நூலகத்தில் பள்ளி விடும் நேரத்திலிருந்து இரவு எட்டு மணி வரை பிள்ளைகளுக்கென்று ஓர் அறையைத் திறந்து வையுங்கள். நான்கைந்து மேசை, நல்ல வெளிச்சம், மின்விசிறி, சுத்தமான கழிப்பறை, பெண் பிள்ளைகள் வீடு திரும்பும் பாதையில் எரியும் தெருவிளக்கு. பாடப்புத்தகம்தான் படிக்க வேண்டும் என்று கட்டளை போடாதீர்கள். பத்து நிமிடம் புக் கிரிக்கெட் ஆடினால் ஆடட்டும். இந்த வேண்டுகோளை மனுவாக எழுதியிருக்கிறோம்; அதில் முதல் கையெழுத்துகள் பெற்றோர்களுடையதாக இருக்கட்டும். தாள் வாசலில் இருக்கிறது.